புழு அரித்த வானம்

அப்போது ராயபுரத்தில் ஒரு சிறிய அச்சகத்தில், காலால் மிதிக்கும் இயந்திரத்தில் வேலை செய்தேன். எட்டாவதோடு படிப்பு நின்றிருந்தது. எந்த ஊரிலும் ஒரு வருஷம் தங்கியதில்லை. மண்ணையும் அண்டவெளியையும் பற்றிக் கவிதை எழுதும் துறைமுகக் குமாஸ்தா ஒருவர் தம் புத்தகத்தை எங்களிடம் அச்சுக்குக் கொடுத்தார். நான் மரக்கட்டையில் படம் செதுக்குவேன் என்று கேள்விப்பட்டு, "சூரியன், சந்திரன், ஆளு எதுவும் வேணாம்ப்பா. பூமி பொறக்குற மாதிரி இருக்கணும்," என்றார்.

செதுக்கிய எதுவும் தேறவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை திருவொற்றியூர்க் கடற்கரையில் நாலைந்து மரங்கள் தனித்தனியாகக் கிடந்தன. ஏதோ உடைந்து கரை ஒதுங்கியிருக்கிறது என்று நினைத்தேன். ஒன்றின் முனையெல்லாம் கடற்புழு அரித்த துளைகள். போய் ரம்பம் கொண்டுவந்து ஒரு சாண் அறுத்து எடுத்துக்கொண்டேன்.

அறுத்த முகத்தில் மை தடவி, தாளை வைத்து, கரண்டியின் முதுகால் தேய்த்தேன். கறுப்பு வட்டம், துளைகள் எல்லாம் வெள்ளை விண்மீன்கள், குறுக்கே ஒரு வெடிப்பு. குமாஸ்தா தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"இந்தப் புள்ளியெல்லாம் எப்படிப்பா செதுக்குனே?"

"கைப்பழக்கம்தான் சார்," என்றேன். கீழே என் பெயரை எழுதினேன்.

அடுத்த கவிதைக்கு இன்னொரு துண்டு வேண்டியிருந்தது. போனபோது அந்த மரத்தருகே ஒரு மீனவரும் அவர் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள். கரைக்கு வந்ததும் கட்டுமரத்தை அவிழ்த்து மரங்களைத் தனித்தனியே காயப்போடுவார்கள் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. கட்டும் கயிறு பதிகிற பள்ளம் நான் அறுத்த முனையில் இருந்திருக்கிறது.

"எந்தக் கஸ்மாலமோ அறுத்துக்கினு பூட்டான் நைனா. ஒரு வாரமா கடலுக்குப் போவல."

"அடுப்பெரிக்க வேற கட்டையா கெடைக்கல அவனுக்கு?" என்றார் மனைவி. "நீ குந்து, கஞ்சி குடி."

குடித்தேன். ரம்பம் பைக்குள் இருந்தது. "அடப் பாவமே," என்றுகூடச் சொன்னேன்.

மூன்று நாள் கழித்து, பொறுக்க முடியாமல், அந்தத் தாளைக் கொண்டுபோய் அவரிடம் நீட்டினேன். விரலால் துளைகளைத் தடவினார். தன் மரம் அவருக்குத் தெரியாதா?

"கீய இன்னா எழுதிக்கீது?"

"என் பேரு."

"மரம் என்து. ஓட்ட போட்டது புழு. நீ இன்னா பண்ணே?"

"அறுத்தேன்."

அவர் மனைவியிடம் திரும்பினார். "அடுப்பெரிக்கலியாம்மே. படம் போட்டாராம் தொரை." தாளை என்னிடமே கொடுத்துவிட்டார்.

வேறு மரம் வாங்கித் தந்தேன் என்று எழுத ஆசைதான். தரவில்லை. அந்த வாரமே எண்ணூர்ப் பக்கம் வேலை தேடிப் போய்விட்டேன். புத்தகத்தில் என் பெயரைப் போட வேண்டாம் என்று குமாஸ்தாவிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அதையும் சொல்லவில்லை.