நெற்றியிலிருந்து எடுத்த குங்குமம்

1982 ஜூலை 14, புதன்கிழமை. ஐந்து மணிக்கு எழுந்தேன். வாசல் தெளித்து, எருமையைக் கறந்து, சொசைட்டியில் பால் ஊற்றிவிட்டு வந்து கம்பு ஊறப்போட்டேன். திருச்செங்கோட்டுப் பக்கம் எங்கள் தோட்டத்தில், அவர் இல்லாத நாட்கள் இப்படித்தான் தொடங்கும். ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் லாரியோடு அவர் ராய்ச்சூரில் இருந்தார். ஆடிப் பதினெட்டுக்கு வருவதாக எழுதியிருந்தார்.

பத்து மணிக்கு ரிக் லாரிச் சத்தம் கேட்டு வாசலுக்கு ஓடினேன். அவர் இல்லை. பக்கத்துத் தோட்டத்துத் தம்பி. மழைக்காலம் என்று நாக்பூரிலிருந்து திரும்பியிருந்தான். ஒரு பெண்ணையும் நாலு வயதுப் பையனையும் இறக்கிவிட்டான்.

"இவங்க யாரு தம்பி?"

"அங்க நம்ம ஆளுங்களுக்குச் சோறாக்கிப் போட்டவங்கக்கா. அண்ணனப் பாக்கோணும்னு ஒரே புடியா ஏறிட்டாங்க. மொதல்ல மோரு குடுங்க, ரொட்டி தின்னு நாக்கே செத்துப்போச்சு."

"உன்ற நாக்கா? அது எங்க சாகுது."

மோர் குடித்துவிட்டு வண்டியில் ஏறினான். அந்தப் பெண் எங்கள் மரத்தில் ஒரு எலுமிச்சை பறித்தாள். தன் நெற்றிக் குங்குமத்தை விரலால் வழித்துப் பழத்தில் தடவி, முன் சக்கரத்தின் கீழ் வைத்தாள்.

வண்டி கிளம்பும்போது எலுமிச்சை வைப்பது எல்லோரும் செய்வது. குங்குமம் டப்பாவிலிருந்து எடுப்பார்கள். கல்யாணமான வருடம் முதல் பயணத்தின்போது அவர்தான், "டப்பாக் குங்குமம் வேண்டாம், உன்ற நெத்தியில இருக்கறத வை" என்றார். பத்து வருடமாக அப்படித்தான் வைத்து அனுப்பினேன். அது எனக்கு மட்டும் சொன்னது என்று இருந்தேன்.

தம்பி வண்டியைக் கிளப்பவில்லை.

"எத்தன வருசமா?" என்றேன்.

"அஞ்சு வருசமுங்க. ரெண்டு வருசமா அண்ணன் அந்தப் பக்கமே போறதில்லீங்க."

"அவளுக்கு என்னயத் தெரியுமா?"

"அண்ணனோட அக்கான்னு சொல்லி வச்சிருக்காருங்க."

அப்போது அவள் வந்து என் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். நான் அவளை வீட்டுக்குள் கூட்டிப் போனேன்.

எங்களுக்குள் பேச ஒரு மொழி இல்லை. சாலையில் லாரி போகும்போதெல்லாம் இருவரும் வாசலுக்கு வந்தோம்; நிற்காமல் போனதும் உள்ளே வந்தோம். மதியம் பையன் தூங்கினான், அவரைப் போலவே ஒரு கையைத் தலைக்கடியில் வைத்து. எங்களுக்குக் குழந்தை இல்லை. வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை முதல் வேலையாகப் பஸ் ஏறி, திருச்செங்கோடு தபால் ஆபீஸ் திறக்கும்வரை படியில் உட்கார்ந்திருந்து, அவருக்குத் தந்தி கொடுத்தேன்: பையன் வந்திருக்கிறான், உடனே வரவும்.