எந்தத் தெரு என்று கேட்டவர்கள்

பெரம்பலூரில் ரத்தப் பரிசோதனை நிலையம் நடத்துகிறேன். டவுனில் கடை வைத்திருப்பவர்கள் சேர்ந்து நடத்தும் சேவைச் சங்கம் ஒன்றில் சில வருடங்கள் உறுப்பினராக இருந்தேன். கூட்டம் தொடங்குமுன் எல்லோரும் எழுந்து நின்று உறுதிமொழி படிப்போம். சாதி, மதம் பாராமல் மனிதரை மனிதராக நடத்துவேன் என்று அதில் ஒரு வரி வரும். அந்த வரியில் தலைவரின் குரல் உச்சத்துக்குப் போகும். பின்வரிசைக்காரர்கள் பிரியாணி வந்துவிட்டதா என்று கதவைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

எங்கள் மருத்துவ முகாம்களுக்கு அரியலூரிலிருந்து ஒரு பல் டாக்டர் அம்மா வருவார். கல்லங்குறிச்சி, ஏலாக்குறிச்சி, எங்கே கூப்பிட்டாலும் கருவிகளைக் காரில் போட்டுக்கொண்டு வந்து, கடைசி ஆள் போகும்வரை குனிந்த தலை நிமிராமல் வேலை செய்வார். சங்கத்துக்காரர்கள் பேனருக்கு முன்னால் நின்று போட்டோ எடுத்ததும் கிளம்பிவிடுவார்கள். அவரை உறுப்பினராகச் சேர்க்கலாம் என்று ஒரு கூட்டத்தில் சொன்னேன்.

"நல்ல டாக்டர்தான். எந்த ஊருங்க அவங்க?" என்றார் உரக்கடை வைத்திருந்த செயலாளர்.

"குன்னம் பக்கம்."

"அது தெரியும் மேடம். எந்தத் தெரு? ஊருக்குள்ளயா, காலனியா?"

"காலனிதாங்க. அதுக்கென்ன?"

தலைவர் தொண்டையைச் செருமினார்.

"எனக்கு ஒண்ணுமில்ல மேடம். ஆனா குடும்பத்தோட ஒக்காந்து சாப்புடுற எடம். வூட்டு லேடீஸ் என்ன நெனப்பாங்க? பல் டாக்டர் வேற ஏற்கெனவே ஒருத்தர் இருக்காரு. ஒரு தொழிலுக்கு ஒருத்தர்தான்."

செயலாளரும் அவரைப் போலவே உரக்கடை வைத்திருந்த இன்னும் இரண்டு உறுப்பினர்களும் பலமாகத் தலையாட்டினார்கள். தலைவரின் கடைவாய்ப் பல்லுக்கு ரூட் கேனால் செய்ததே அந்த டாக்டர்தான். அவர் கை இவர் வாய்க்குள் போகலாம். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து சாப்பிட மட்டும் கூடாது.

டாக்டரிடம் போய்ச் சொன்னேன். கையுறையைக் கழற்றியபடியே, "தெரு கேட்டாங்களா?" என்றார். "கிளினிக்குக்கு எடம் பாக்குறப்பவும் அதத்தான் கேட்டாங்க." எனக்குத்தான் முகம் எரிந்தது.

அடுத்து நடந்தது இன்னும் கேவலம். எல்லோரையும் அரவணைக்கும் சங்கத்துக்கு விருது தருகிறார்கள், மேலிடத்திலிருந்து ஆட்கள் பார்க்க வருகிறார்கள் என்றதும் தலைவருக்கு டாக்டரின் நினைப்பு வந்துவிட்டது. முகாம் பற்றிப் பேச வேண்டும் என்று அழைத்து, மேடையில் ஏற்றி, சால்வை போர்த்தி, "அடித்தட்டிலிருந்து உயர்ந்த எங்கள் சகோதரி" என்று முழங்கினார்.

டாக்டர் மைக்கை வாங்கினார். "சகோதரின்னு சொல்றீங்க, சந்தோஷம். அப்ப உறுப்பினரா ஏங்க சேக்கல?"

தலைவர் அசட்டுச் சிரிப்புச் சிரித்தார். செயலாளர் ஓடிப்போய் தேசிய கீதத்தைப் போடச் சொன்னார். நிகழ்ச்சி பாதியில் இருக்கிறது. மொத்தக் கூட்டமும் எழுந்து விறைப்பாக நின்றது. அந்த உத்தமர்களின் முகத்தை வரிசையாகப் பார்த்தேன். பாட்டு முடிந்ததும் டாக்டர் சால்வையை மடித்து மேஜையில் வைத்துவிட்டு இறங்கினார். நானும் சங்கத்திலிருந்து விலகுவதாகச் சொல்லிவிட்டு அவர்கூடவே வெளியேறினேன்.

மறுநாள் செயலாளர் போன் செய்தார். "வெளியில யாராச்சும் கேட்டா, ஒடம்பு முடியாம வெலகிட்டேன்னு சொல்லிடுங்க மேடம். சங்கத்துக்குன்னு ஒரு மரியாதை இருக்குல்ல?"

"என் ஒடம்பு நல்லாத்தாங்க இருக்கு" என்று வைத்துவிட்டேன்.

விருது அவர்களுக்கே கிடைத்தது. இப்போது டாக்டரும் நானும் குன்னத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் முகாம் நடத்துகிறோம். செயலாளரின் மாமியார்கூட ஒருநாள் வீங்கிய கன்னத்தோடு வந்து நின்றார். டாக்டர் பொறுமையாகப் பார்த்து அனுப்பினார். எனக்கு அந்தப் பொறுமை இல்லை. அது வரவும் வேண்டாம்.