சில்லுக்குள் போன தண்ணீர்

சனிக்கிழமை காலையில் கிண்ணியாவில் ஒரு இரும்புக்கடையின் பின்வளவுக்கு வந்தால், ஜீப்பின் அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டு, அதிலிருந்து சொட்டுகிற தண்ணீரை விரலில் ஏந்தி நக்கிப் பார்க்கிறவர்களைக் காணலாம். பயப்பட வேண்டாம். அவர்களில் ஒருத்தி நான்தான். ஆஸ்பத்திரியில் தாதியாக வேலை செய்கிறேன். விசர், பைத்தியம் என்றால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்; இது அதில்லை.

நாங்கள் உப்புப் பார்க்கிறோம். இலங்கைத்துறைக் கடற்கரையில் அலை ஓரமாக ஜீப் ஓட்டுவதைப் போன்ற சந்தோசம் எனக்கு வேறு எதிலும் இல்லை. ஆனால் அப்போது தெறிக்கிற கடல்தண்ணீர் வண்டியின் அடிச்சட்டத்துக்குள் புகுந்து ஒளிந்துகொள்ளும். மேலே வண்டி பளபளவென்று இருக்கும், உள்ளே துரு இரும்பைத் தின்றுகொண்டிருக்கும். அதனால் கிணற்று நல்ல தண்ணீரைக் குழாயால் உள்ளே விட்டு, வடிகிற தண்ணீரில் உப்புப் போகும்வரை கழுவுவோம். உப்புப் போய்விட்டதா என்று அறிய நாக்கைவிட நல்ல கருவி எங்களிடம் இல்லை.

நாங்கள் மூன்று பேர். கடையும் வளவும் கிணறும் நானாவுடையவை; முஸ்லிம் அண்ணன்மாரை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம். என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர், வாய் ஓயாதவர், எதையும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வார். அடுத்தவர் மூதூர்ப் பக்கத்து வயல்காரர். நான் தம்பி என்று கூப்பிடுவேன். ஒரு நாளைக்கு அவர் கதைக்கிற கதையை ஒரு தீப்பெட்டிக்குள் அடைத்துவிடலாம். என்னை இரண்டு பேருமே மிஸி என்பார்கள், ஆஸ்பத்திரியில் நோயாளிகள் கூப்பிடுவது போல. ஓய்வு நாளில் நான் ஏன் திருகோணமலை உட்துறைமுகத்துப் பக்கத்திலிருந்து பாலம் தாண்டி இங்கே வந்து கிறீஸில் புரள வேண்டும் என்று என் கணவருக்கு இன்னும் விளங்கவில்லை. "என்னைவிட அந்த ஜீப்பைத்தான் நீ கூடக் கவனிக்கிறாய்" என்பார். அது உண்மைதான். ஜீப் என்ன கொடுத்தாலும் முறைப்பாடு சொல்லாமல் குடிக்கும்.

எங்களுக்குள் ஒரு சட்டம் இருக்கிறது. கழுவுவது அவரவர் வண்டியை. சோதித்துப் பார்ப்பது மற்றவர் வண்டியை. தன் பிள்ளையின் காய்ச்சலைத் தாய் குறைத்துச் சொல்வதை நான் ஆஸ்பத்திரி வாட்டில் தினமும் பார்க்கிறேன். வண்டிக்காரரும் அப்படித்தான். சத்தம் கேட்டாலும் "அது எப்பவும் அப்படித்தான்" என்பார்கள். ஆகவே நானாவின் ஜீப்பை நான் பார்ப்பேன், என்னுடையதைத் தம்பி, தம்பியின் பிக்கப்பை நானா. பிறேக், ஒயில், ரயர், ஸ்டியரிங், எல்லாம் தட்டி ஆட்டிப் பார்த்து, பார்க்கிறவர் சரி என்றால்தான் வண்டி கேற்றைத் தாண்டும். பார்க்கிறவர் இல்லை என்றால் இல்லைதான். அதற்கு மேல் கதை கிடையாது.

போன வருடம் அந்தச் சட்டம் எங்கள் மூவருக்கும் தொண்டையில் சிக்கியது.

நானாவின் மகளுக்குக் கலியாணம். எங்கள் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து சேருவார். மாப்பிள்ளை மூதூர். அவரைக் கூட்டிவருவதற்கு நானாவின் சொந்தக்காரர்கள் புதுக் கார்களை வரிசையில் நிறுத்தத் தயாராக இருந்தார்கள். மகள் எல்லாவற்றையும் வேண்டாம் என்றுவிட்டாள். நகை, உடுப்பு, சாப்பாடு எதிலும் அவள் வாய் திறக்கவில்லை. அதெல்லாம் உம்மாவின் பொறுப்பு. வாப்பாவிடம் கேட்டது ஒன்றுதான். மாப்பிள்ளை வாப்பாவின் ஜீப்பில் வரவேண்டும், வாப்பாதான் ஓட்டிவரவேண்டும். அவள் குழந்தையில் தூங்கியது அதன் பின்சீற்றில். வண்டி ஓட்டப் பழகியதும் அதில்தான்.

நானா இதைச் சொன்ன அன்று அழுதார். பிறகு அழவில்லை என்று சாதித்தார்.

மாதக்கணக்கில் அந்த ஜீப்பை இழைத்தார். தகடு தட்டினார், கடல்பச்சைப் பெயின்ற் அடித்தார், கதிரைகளுக்குப் புது உறை தைத்தார். மூதூர்ச் சம்பந்தி வீட்டுக்குப் போனவர், மாப்பிள்ளைக்கு ஒன்று, தோழர்களுக்கு ஒன்று, இரண்டு ஜீப் வரும் என்று அறிவித்துவிட்டும் வந்தார். இரண்டாவது என்னுடையது. இரண்டும் ஒரே மொடல், என்னுடையது வெள்ளை. அவர் என்னைக் கேட்காமலேதான் சொன்னார், ஆனால் எனக்கு உள்ளுக்குள் ஒரே புளுகம், அவ்வளவு சந்தோசம். மாப்பிள்ளை ஊர்வலத்தில் பின்னால் ஸ்டியரிங் பிடித்து வருகிற பொம்பிளை நான் என்று நினைத்து நினைத்து, என் ஜீப்பையும் மெழுகு போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த நாட்களில்தான் நானாவின் கைக்கு வண்டி கழுவுகிற பிறஷர் மெஷின் வந்தது. கடையில் விற்கவென்று எடுத்த சாமான். ஒருதரம் ஓட்டிப் பார்க்கிறேன் என்று வளவுக்குக் கொண்டுவந்தவர், திருப்பிக் கடைக்குக் கொண்டுபோகவே இல்லை. தண்ணீர் ஊசியாகப் பாயும். ஒட்டிய சேறெல்லாம் பறக்கும். நானா ஒவ்வொரு பின்னேரமும் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு சக்கரச் சில்லுகளுக்கு அடித்தார், அதிலும் வீதிக்குத் தெரிகிற இடது பக்கத்துக்குக் கூடுதலாக அடித்தார்.

"நானா, சில்லின்ர நடுவில கிட்டப் பிடிச்சு அடியாதேங்கோ. தண்ணி உள்ளுக்குப் போகும்."

"மிஸி, ஊசி போடுற ஆள் நீங்க. தண்ணிக்கு ஏன் பயப்புடுறீங்க?"

நானும் சிரித்துவிட்டு விட்டேன்.

கலியாணம் ஞாயிற்றுக்கிழமை. அதற்கு முதல் நாள் சனிக்கிழமை, வழக்கம்போல நானும் தம்பியும் வளவுக்குப் போனோம். பக்கத்து வீட்டில் சமையல்காரர்கள் பெரிய சட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். நானா ஜீப்பைத் துணியால் மூடி வைத்திருந்தார். வண்டியைத் தூக்குகிற ஜக்கை நான் எடுத்ததும் குறுக்கே வந்து நின்றார்.

"இண்டைக்கு வேணாம் மிஸி. நாளைக்கு மாப்பிள்ளை ஏறுற வண்டி. கிறீஸ் பட்டா என்ன செய்யுற? கலியாணம் முடியட்டும், முழுசாக் கழட்டிப் பாருங்க."

"மாப்பிள்ளை ஏறுறபடியால்தான் பார்க்கோணும்."

"புது வண்டி மாதிரி ஓடுது!"

"அதை நீங்கள் சொல்ல ஏலாது. சட்டம் உங்களுக்கும் சேர்த்துத்தான் போட்டது."

அவருக்குக் கோபம் வந்தது. எனக்கும்தான். வாட்டில் டொக்டர்மாரோடேயே வாதாடுகிற குரல் என்னுடையது. அதைக் கொஞ்சம் எடுத்துவிட்டேன். நானா துணியை இழுத்துக் கீழே எறிந்துவிட்டுக் கிணற்றுக்கட்டில் போய் முகத்தைத் திருப்பிக்கொண்டு இருந்தார். தம்பி ஜக்கை இடது முன்பக்கத்துக்குக் கீழே தள்ளினார்.

சில்லு நிலத்தைவிட்டு உயர்ந்ததும் மேலும் கீழும் பிடித்து ஆட்டினேன். ஆடியது. சுற்றிவிட்டேன். உள்ளே மணல் அரைபடுவதுபோலக் கரகரத்தது. நான் நானாவைப் பார்க்கவில்லை. அவர் கேட்டுவிட்டார் என்பது முதுகிலேயே தெரிந்தது.

கழற்றினோம். சில்லைத் தாங்கிச் சுழல வைக்கிற ஹப்பின் மூடியைத் திறந்தபோது, கறுப்பாக இருக்கவேண்டிய கிறீஸ் பால்தேத்தண்ணி நிறத்தில் வழிந்தது. பெயரிங்கின் உருளைகளில் துரு குழி குழியாக அரித்திருந்தது. கடல் செய்யவில்லை, மணல் செய்யவில்லை. நல்ல தண்ணீர், அதுவும் அன்போடு அடித்த தண்ணீர், செய்த வேலை. வலது பக்கத்தையும் திறந்தோம். அது சுத்தமாக இருந்தது. ஊர் பார்க்கிற பக்கம்தான் கெட்டிருந்தது.

"பாலத்தில போகேக்க சில்லு இறுகினா?" என்று நானா கேட்டார். பதில் அவருக்கே தெரியும். வண்டிக்குள் மாப்பிள்ளை இருப்பார்.

தம்பி மோட்டார்சைக்கிளில் போய்த் திருகோணமலைக் கடைகளெல்லாம் ஏறி இறங்கி வெறும் கையோடு வந்தார். அந்த அளவு பெயரிங் கொழும்பிலிருந்துதான் வரவேண்டும், திங்கட்கிழமைக்கு முன்னால் வராது. நானா பெயரிங்கைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே இருந்தார். என் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை.

"என்ர ஜீப்பைக் கொண்டு போங்கோ நானா. அதுவும் கழுவித்தானே நிக்குது."

அவர் தலையை ஆட்டினார். "உங்கட வண்டி நல்ல வண்டி மிஸி. ஆனா அவ வளந்தது இதுக்குள்ளதானே. என்னட்ட வேற ஒண்டும் கேக்கல்ல. இதைத்தான் கேட்டவ."

என் வெள்ளை ஜீப்பைத் திரும்பிப் பார்த்தேன். மெழுகு பூசிய பொனெற்றில் கிணற்றடித் தென்னை தெரிந்தது. ஊர்வலம், ஸ்டியரிங், பின்னால் வருகிற பொம்பிளை எல்லாம் ஒருமுறை மனதில் ஓடிப் போயின. எனக்குக் கவலையாக இருந்தது. இல்லை என்று சொன்னால் அது பொய். பிறகு ஜக்கை இழுத்துக்கொண்டு போய் என் ஜீப்பின் இடது முன்பக்கத்தின் கீழே வைத்தேன்.

நானா ஓடிவந்தார். "மிஸி, என்ன செய்யுறீங்க?"

"ரெண்டும் ஒரே மொடல்தானே. ஒரே ஹப்தான்."

"உங்கட வண்டி நாளைக்கு வரோணுமே! மூதூருக்கு ரெண்டு எண்டு சொல்லிட்டேன்."

"தோழர்மார் வானில வரட்டும்."

பெயரிங்கை மட்டும் எடுக்கவில்லை. அது உட்கார்ந்து பழகிய ஹப்போடு முழுதாகவே கழற்றினோம். அதுதான் சரியான முறை. சுத்தமாகத் துடைத்து, புதுக் கிறீஸை உள்ளங்கையில் வைத்து உருளைகளுக்குள் ஏறும்வரை அமுக்கினேன். அது நான் நன்றாகச் செய்கிற வேலை, யாரும் எனக்குச் சொல்லித்தரத் தேவையில்லை. நானா பின்னேர அஸர் தொழுகைக்குப் போய்வந்து, ஹப்பை அவருடைய ஜீப்பில் மாட்டி நான் நட்டை இறுக்கும்போது லாம்பு பிடித்தார். இறுக்கி, சுற்றிவிட்டு, கொஞ்சம் தளர்த்தி, மறுபடி சுற்றினேன். சத்தமே இல்லை. மேலும் கீழும் ஆட்டினேன். அசையவில்லை.

"சரி. இனிக் கேற்றைத் தாண்டலாம்" என்றேன்.

தம்பி அன்றைக்கான ஒரே வசனத்தைச் சொன்னார். "மிஷினை நான் கொண்டு போறன்." சொன்னபடி பிறஷர் மெஷினைப் பிக்கப்பில் ஏற்றிக்கொண்டு போனார். நானா தடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நான் ஓட்டோவில் கலியாண வீட்டுக்குப் போனேன். நல்ல சேலை கட்டியிருந்தேன், ஆனால் எத்தனை முறை சவர்க்காரம் போட்டாலும் நகக்கண்ணில் கறுப்புப் போகவில்லை. மணமகள் மருதாணிக் கையால் என் கையைப் பிடித்ததும் அதைக் கண்டுவிட்டாள். வளவில் வளர்ந்த பிள்ளை, அவளை ஏமாற்ற ஏலாது.

"மிஸி அன்ரி, ஜீப்புக்கு என்ன?"

"ஒண்டுமில்லை பிள்ளை. கழுவினனாங்கள்."

"வருமா?"

"வரும்" என்றேன். ஒரு பெயரிங்கை என் கையால் இறுக்கிவிட்டால், நான் அதைப்பற்றிப் பிறகு நினைத்துக்கொண்டிருக்கிறதில்லை. அன்றைக்கு மட்டும் வாசலுக்கும் அறைக்குமாக நடந்துகொண்டிருந்தேன்.

முதலில் ஹோர்ண் சத்தம் கேட்டது. பிறகு கடல்பச்சை ஜீப் தெருவில் திரும்பியது. மாலையோடு மாப்பிள்ளை முன்சீற்றில், பக்கத்தில் வெள்ளைச் சேட்டும் தொப்பியுமாக நானா. சனங்கள் மாப்பிள்ளையைப் பார்த்தார்கள். நான் இடது முன்சில்லைப் பார்த்தேன். ஒரு முனகல் இல்லாமல் உருண்டு வந்து வாசலில் நின்றது. மேலே ஜன்னலில் மகள் ஒரு கணம் முகம் காட்டிச் சிரித்ததைக் கண்டேன். வாப்பாவும் கண்டார்.

பின்னால் ஒரு வான் வந்து நின்றது, தோழர்கள் இறங்கினார்கள். மூதூர்ப் பக்கத்துப் பெரியவர் ஒருவர், மாப்பிள்ளையின் மாமாவாக இருக்கவேண்டும், தெருவின் கடைசிவரை எட்டிப் பார்த்துவிட்டு நானாவிடம் திரும்பினார்.

"சம்பந்தி, ரெண்டு ஜீப் வரும் எண்டீங்க. ஒண்டுதானே வந்திருக்கு?"

நானா ஜீப்பிலிருந்து இறங்கினார். சுற்றிவந்து இடது முன்சில்லுக்குப் பக்கத்தில் நின்றார். கூட்டத்துக்குள் என்னைத் தேடிப் பிடித்துப் பார்த்தார்.

"இல்ல. ரெண்டும் வந்திட்டுது" என்றார்.

எனக்குக் கண் நிறைந்துவிட்டது, மறைக்கவும் இல்லை. பெரியவர் இன்னும் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றார்.