மெல்ல மாமாவும் மூடிய சக்கரமும்

சைக்கிள் கடைக்காரருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் யாருக்கும் நினைவில் இல்லை. எதைத் தொட்டாலும் "மெல்ல, மெல்ல" என்று முணுமுணுப்பார். அதனால் மெல்ல மாமா ஆகிவிட்டார். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு வால்வு நட்டை இடுக்கியால் இறுக்கி, கார்பன் ரிம்மில் விரிசல் விழச் செய்தவர் அவர். அந்த ரிம்மைக் கடைக் கண்ணாடிக்குப் பக்கத்திலேயே மாட்டினார், தலைவாரும்போது கண்ணில் படட்டும் என்று. பிற்பாடு வார முடி இல்லாமல் போனது. ரிம் இருந்த இடத்திலேயே இருந்தது.

அன்று காலை அவருடைய அக்கா மகளுக்குச் சைக்கிள் பந்தயம். பந்தயத் திடலுக்கு மாமாவும் வந்திருந்தார். அவள் ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுப்பவள். விடுமுறை நாளெல்லாம் சைக்கிள்மேல்தான். பின்சக்கரம் சைக்கிள் சங்கத்தில் இரவல் வாங்கியது. கம்பிகள் கிடையாது, இருபுறமும் தட்டுப்போல மூடியிருக்கும். டியூப் இல்லாத டயர். காற்றைக் காப்பது வால்வின் அடியிலுள்ள ரப்பர்தான். அது கிழிந்து, "உஸ்" என்று காற்று போய்க்கொண்டிருந்தது. புறப்பட அரைமணி நேரமே இருந்தது. வேறு சக்கரம் இல்லை.

"நட்டை நல்லா இறுக்கு மச்சான்!" அவள் அப்பா இடுக்கியை நீட்டினார்.

"இறுக்கினா ரப்பர் இன்னும் பிதுங்கும், ரிம்மும் போயிடும். அதை உள்ள வைங்க மச்சான். பல்லு புடுங்கவா வந்திருக்கோம்?"

டயரைக் கழற்றி, ரிம்மின் குழிவுக்குப் பொருந்தும் அடிப்பாகமுள்ள வேறு வால்வைச் செருகினார். இனி நட்டை மாட்டவேண்டியதுதான். வால்வை எட்ட, தட்டின் ஓரத்தில் ஒரு சின்ன ஜன்னல். அதற்குள் இரண்டு விரல்தான் போகும். நட்டு நழுவித் தட்டுக்குள் விழுந்தது. 'களுக்'. சக்கரம் உண்டியலாகிவிட்டது.

"போச்சு! இதுக்குமேல என்ன மாமா பண்றது?" அவள் முகம் வெளுத்தது. பதற்றத்தில் வாய் மட்டும் சுவிங்கத்தை அரைத்தபடியே இருந்தது.

"மெல்ல, பாப்பா, மெல்ல..."

"மென்னுட்டுதானே இருக்கேன்!"

மாமா நிமிர்ந்து அவள் வாயைப் பார்த்தார். "அட! அதைத் துப்பு."

"என்னது?"

"துப்புடி! கையில."

சக்கரத்தைத் தூக்கி, ஜன்னல் கீழே வரும்படி திருப்பி, குழந்தையைத் தாலாட்டுவதுபோல ஆட்டினார். ஐந்தாவது ஆட்டலில் நட்டு புல்லில் விழுந்தது. சுவிங்கத்தில் ஒரு துணுக்கை விரல் நுனியில் ஒட்டி, அதில் நட்டை ஒட்டிக்கொண்டு உள்ளே விட்டார். நட்டு இந்தமுறை நழுவவில்லை. விரலாலேயே சுற்றினார், அது தானாக நின்ற இடத்தில் நிறுத்தினார். டயரை மாட்டி, காற்றடித்து, வால்வைச் சுற்றிச் சோப்புத் தண்ணீர் தடவினார். மூவரும் குனிந்து மூச்சுவிடாமல் பார்த்தார்கள். ஒரு குமிழிகூட எழவில்லை.

"உன் எச்சிலுக்கு இவ்வளவு மதிப்பா!" என்று மகளைச் சீண்டியபடி அப்பா இடுக்கியைப் பைக்குள் போட்டார்.

கொடி அசைந்தது. கடைசி வளைவில் மூன்றாவதாக வந்தாள். மூடிய சக்கரம் 'ஹோ'வென்று முழங்கியது. மாமா வேலிமேல் ஏறி நின்று, தொண்டை கட்டும்வரை கத்தினார்:

"வேகமா போடி! வேகமா!"

அவர் வாயில் அந்தச் சொல்லை அதற்குமுன் யாரும் கேட்டதில்லை. அவளும் கேட்டதில்லை. சிரித்துக்கொண்டே மிதித்தாள்; இரண்டாவதாக வந்தாள்.