பாதி மாடியில் காலிபிளவர்

மந்தைவெளியில் நான் குடியிருப்பது ஒரு மாடி வீட்டின் மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டியை ஒட்டிய ஒற்றை அறையில். மேலே சிமெண்ட் ஷீட். வெயிலில் உள்ளே உட்கார முடியாது, மழை பெய்தால் பக்கத்தில் பேசுவது காதில் விழாது. முன்பு இருந்த இடங்களைப் பார்க்கும்போது நல்ல அறைதான். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். திருப்பூர் பனியன் கம்பெனி, ஓசூர்ப் பக்கம் காய்கறிப் பண்ணை, பெருங்குடியில் கட்டட வேலைக்காரர்களின் தகரக் கொட்டகை என்று சுற்றியாகிவிட்டது. எந்த இடத்திலும் எனக்கென்று ஒரு செடி வைத்து, அது காய்க்கும்வரை இருந்ததில்லை. இந்த முறை இருந்தே தீருவது என்று முடிவு செய்தேன். பெரிய காரணம் ஒன்றுமில்லை. மாடி காலியாகக் கிடந்தது.

காலையில் சில வீடுகளில் சமையல் வேலை. பிற்பகல் என்னுடையது. செம்மண், தேங்காய் நார்த்தூள், மாடு வளர்ப்பவர் ஒருவரிடம் கேட்டு வாங்கிய காய்ந்த சாணம், மூன்றையும் கலந்து பைகளில் நிரப்பி நானே மேலே ஏற்றினேன். வாசலில் இஸ்திரி வண்டி வைத்திருப்பவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“யக்கா, இன்னா மாடிக்கு மண்ணா ஏத்திக்கினு கீற? வூடே கீழ எறங்கிடப் போவுது.”

“எறங்கினா உன் வண்டி மேலதான் எறங்கும். தள்ளி நிறுத்து.”

புரட்டாசியில் ஊன்றிய பூசணி கைப்பிடிச் சுவர்மேல் ஓடத் தொடங்கியது. ஐப்பசி மழை கொட்டித் தீர்த்தது. கார்த்திகைக் கடைசியில், முதல் மாடியில் தனியாக இருக்கும் வீட்டுக்கார மாமி மூச்சு வாங்க மேலே வந்தார்.

“உன் பைலேர்ந்துதான் தண்ணி எறங்கறது. சுவாமி ரூம்ல சுவரெல்லாம் ஈரம். பொங்கலுக்கு அப்பறம் மாடில பூச்சு போட ஆளை வரச் சொல்லியிருக்கேன். அதுக்குள்ள எல்லாத்தையும் காலி பண்ணிடு.”

“காலிபிளவர் நாத்து தயாரா இருக்கு மாமி. மாசி வரைக்கும் விடுங்க.”

“மாசி வரைக்கும் நீ இருப்பியா? இந்த ரூம்ல இருந்தவா எல்லாரும் சாமானைப் போட்டது போட்டபடி போனவாதான். இத்தனை மண்ணையும் யாரு எறக்கறது?”

அவர் கேட்டதில் தப்பில்லை. என் துணிகள் அப்போதும் பெட்டியில்தான் இருந்தன. ஆனால் மழை விட்டு, காலையில் பனி இறங்குகிற அந்தக் கொஞ்ச நாள்தான் சென்னையில் காலிபிளவருக்குக் கிடைக்கிற குளிர். விட்டால் அடுத்த வருஷம். ஒவ்வொரு பையையும் செங்கல்மேல் தூக்கி வைத்தேன். அடியில் தட்டு வைத்தேன். நாற்றை நட்டேன். முள்ளங்கி, நூக்கோல் விதைகளைத் தூவினேன். சுவரோரம் செடி அவரை போட்டேன்.

மார்கழி பிறந்ததும் பூசணிப் பூ காணாமல் போக ஆரம்பித்தது. ஒருநாள் காலையில் வேலைக்கு இறங்கியபோது வாசலில் பெரிய கோலம், நடுவில் சாண உருண்டைகள், அவற்றின்மேல் என் பூக்கள். ஒரு பூவின் அடியில் கோலி அளவுக்குப் பிஞ்சு. நேராகத் திரும்பி மாடியேறி மாமி வீட்டுக் கதவைத் தட்டினேன்.

“மாமி, பிஞ்சோட பறிச்சிருக்கீங்க.”

“மார்கழி மாசம், வாசல்ல பூ வெக்க வேண்டாமா? உன் கொடியில எத்தனை இருக்கு!”

“நீளக் காம்புல தனியா நிக்கறதைப் பறிங்க. அது ஆண் பூ, காய்க்காது.”

“பூவுலயும் ஆம்பளை பொம்பளையா?”

“ஆமா. ஆம்பளைங்கதான் நிறைய. வேலைக்கு ஒண்ணு ரெண்டு போதும்.”

மாமிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்து, முடியாமல் உள்ளே போய்விட்டார்.

அதன்பின் தினமும் விடிந்ததும் மேலே வருவார். காம்பு பார்த்துப் பறிப்பார். போகிற போக்கில் காலிபிளவர் இலையில் புழு தேடுவார். நான் நசுக்குவேன். அவர் காகிதத்தில் ஏந்திப் பக்கத்துக் காலிமனையில் வீசுவார். பையைப் பற்றி மட்டும் பேச்சு மாறவில்லை. “பூ பறிக்கறேங்கறதுக்காக ஆத்துக்குள்ள ஒழுக விட முடியுமா?”

தை மாதம் பூச்சுக்காரர் வந்தபோது காலிபிளவர் கைமுஷ்டி அளவுக்குத்தான் திரண்டிருந்தது.

“மாடி மொத்தமும் காலியா இருக்கணும்மா.”

“பாதி பாதியா போடுங்க. எல்லாத்தையும் அந்தப் பக்கம் நகர்த்தித் தரேன்.”

“சேர்ற எடத்துல தண்ணி எறங்கும்.”

“முதல்ல போட்ட பூச்சு மேல ஒரு முழம் ரெண்டாவது ஏறட்டும். பெருங்குடியில நான் வேலை செஞ்ச கட்டடத்துல அப்படித்தான் போட்டாங்க.”

“போடலாம்தான். ரெண்டு வாட்டி வரணுமே.”

மாமி படியில் நின்றபடி என்னைப் பார்த்தார், பைகளைப் பார்த்தார். “ரெண்டு தடவை வாங்கோ. ரெண்டு தடவையும் காபி தரேன்” என்றார்.

பூசணிக் கொடியை நகர்த்த முடியாது. வெட்டினேன். முற்றாத காய்கள் அன்று நான் வேலை செய்யும் வீடுகளில் கூட்டாகின. மற்றவற்றை ஒவ்வொன்றாக இழுத்தேன். பாதியில் இஸ்திரிக்காரர் வந்து மறுபக்கம் பிடித்தார்.

“இதுக்கு நீ வேற ரூமே பாத்திருக்கலாம் யக்கா.”

“பாத்திருக்கலாம். தூக்கு.”

சில நூக்கோல் செடிகள் ஒடிந்தன. பூச்சு காய்ந்ததும் எல்லாவற்றையும் வெள்ளைத் தரைக்கு மாற்றி, மறுபாதியைக் காலி செய்தேன். வெயில் படாமலிருக்கக் காலிபிளவர்மேல் அதன் இலைகளையே மடக்கிக் கட்டினேன். மாசியில் அறுத்தேன். கடையில் கிடைப்பதைவிடச் சின்னதுதான். ஒன்றிரண்டு விரிந்தும் போயிருந்தன. முதலில் அறுத்ததை மாமியிடம் கொடுத்தேன்.

அறுத்த கையோடு பைகளைத் தார்ப்பாயில் கொட்டினேன். வேர்களைப் பொறுக்கி, மண்ணை வெயிலில் காயவிட்டு, வேப்பம் புண்ணாக்கு கலந்து திரும்ப நிரப்பினேன். பங்குனி வெயிலுக்கு வெண்டை, கீரை, புடலை. மாமி வந்து பார்த்தார்.

“பூச்சு தாங்கறதான்னு அடுத்த ஐப்பசியிலதான் தெரியும். ஒழுகினா நீதான் பதில் சொல்லணும்.”

“சொல்றேன் மாமி” என்றேன். புடலைக்குப் பந்தல் வேண்டும். கடை மூடுவதற்குள் கயிறு வாங்க இறங்கினேன்.