நூர்ஜகான் அக்கா தீக்குச்சியில் கட்டிய கேபின்

காலண்டர் சீசன் உச்சத்தில் இருந்த காலை அது. மிஷின்கள் எல்லாம் ஓடிக்கொண்டிருந்ததால் ஆபீஸ் போன் அடித்தது எனக்குக் கேட்கவில்லை. மேனேஜர் கண்ணாடிக் கதவைத் திறந்து கைகாட்டிக் கூப்பிட்டார். விருதுநகரிலிருந்து நூர்ஜகான் அக்காவின் கொழுந்தன் யூசுப் பேசினார். "செல்வியக்காவா? மதினி போயிட்டாக. காலைத் தொழுகை முடிச்சு உக்காந்தவுக அப்படியே சாஞ்சுட்டாக. மத்தியானத் தொழுகைக்குப் பெறகு எடுக்குறோம்."

நான் ரிசீவரை வைத்துவிட்டுத் திரும்பியபோது மேனேஜருக்கு என் முகமே சொல்லிவிட்டது. அவரே ஹாலுக்குப் போய் மிஷின்களை நிறுத்தச் சொன்னார். சீசன் நேரத்தில் எங்கள் பிரஸ் அப்படி அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை. பைண்டிங் பெண்கள் கையில் எடுத்த தாளோடு அப்படியே நின்றார்கள். யாரோ ஒருத்தி, "முந்தாநாள் கூட என்கிட்ட கத்தியைத் தீட்டிக் கேட்டாகளே" என்று அழ ஆரம்பித்தாள்.

நூர்ஜகான் அக்காவை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். சிவகாசியில் எங்கள் பிரஸ்ஸில் அவர்கள் டம்மி செக்‌ஷன். ஒரு பெட்டியோ அட்டையோ ஆயிரக்கணக்கில் அடிக்கும் முன்னால், அது எப்படி இருக்கும் என்று கஸ்டமருக்குக் காட்ட ஒன்றே ஒன்றைக் கையால் வெட்டி மடித்து ஒட்ட வேண்டும். அதற்குப் பெயர் டம்மி. நான் கம்ப்யூட்டரில் வரைவேன். அக்கா அதை நிற்கவைப்பார்கள். தினமும் விருதுநகரிலிருந்து பஸ்ஸில் வந்து போனார்கள். ஒரு ஸ்டீல் ஸ்கேல், ஒரு கட்டர், எலும்பில் செய்த ஒரு மடிப்புக் கருவி, இவ்வளவுதான் அவர்களுடைய சொத்து. அந்த மேசையில் வேறு யாரும் டீ கிளாஸ் வைத்துவிட முடியாது.

நான் வேலைக்குச் சேர்ந்த வருடம் ஒரு பட்டாசுக் கம்பெனிக்குத் தீபாவளி கிப்ட் பாக்ஸ் செய்தோம். டம்மியைப் பார்த்ததுமே அந்தக் கம்பெனி முதலாளிக்குப் பிடித்துவிட்டது. "நல்லா இருக்கும்மா, அடிச்சிரலாம்" என்றார். அக்கா கொடுக்கவில்லை. "ஒரு நிமிசம் இருங்க சார்" என்று சொல்லிவிட்டு, பூச்சட்டியும் சங்குசக்கரமும் எவ்வளவு கனம் இருக்குமோ அவ்வளவு மணலைப் பொட்டலம் கட்டி உள்ளே வைத்து, மேசையிலிருந்து கீழே தள்ளிவிட்டார்கள். அடிப்பாகம் திறந்து மணல் அவர் செருப்பில் கொட்டியது. "லோடுமேன் இப்படித்தான் போடுவாரு. தப்பான பெட்டி என் கையிலருந்து வெளிய போகாது சார்" என்றார்கள். முதலாளி செருப்பைக் கழற்றித் தட்டிக்கொண்டே நாளைக்கு வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார். அந்த "என் கையிலருந்து போகாது" என்ற வார்த்தையை ஞாபகத்தில் வைத்துக்கொண்டுதான் இனி நான் சொல்வதைப் படிக்க வேண்டும்.

அவர்களுடைய கணவர் கரீம் அண்ணன் ரயில்வேயில் கேபின்மேன். எங்கள் பக்கத்து மீட்டர் கேஜ் பாதையில் ஒரு சின்ன ஸ்டேஷன். அங்கே உயரமான தூண்கள்மேல் மரப்பலகை அடித்த மாடியறை ஒன்று இருந்தது, அதுதான் கேபின். உள்ளே வரிசையாக நிற்கும் லீவர்களை இழுத்தால் வெளியே கைகாட்டி இறங்கும், தண்டவாளம் பிரிந்து சேரும். அண்ணனுக்கு வேலையில் பார்த்த ரயில் போதவில்லை. தம்பி யூசுப் துபாயிலிருந்து ஒரு பொம்மை ரயில் செட் கொண்டுவந்து கொடுத்ததும், வீட்டு மாடியறையில் பிளைவுட் அடித்து அதில் தண்டவாளம் பதித்தார்கள். பேப்பர் கூழில் ஒரு கரட்டுக் குன்று, ஒரு பிளாட்பாரம், நாலைந்து கருவேல மரங்கள் எல்லாம் வந்துவிட்டன. தன் கேபினை வைக்க பென்சிலால் ஒரு சின்னச் சதுரம் மட்டும் போட்டு வைத்திருந்தார்கள். "அதைக் கடையில வாங்கக்கூடாது. நானே கட்டணும்" என்பார்களாம்.

பிறகு அந்தப் பாதையை அகலப் பாதையாக்கும் வேலை வந்தது. கேபினைப் பிரித்துவிட்டார்கள். அண்ணனுக்கு வேறு ஊரில் வேலை கொடுத்தார்கள். அங்கே சேர்ந்த சில மாதங்களில் பக்கவாதம் வந்தது. வலது கை போனது, பேச்சும் போனது.

மதுரையில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் ஒரு அம்மாவிடம் அக்கா கூட்டிப் போனார்கள். "அ சொல்லுங்க, ஆ சொல்லுங்க" என்றால் அண்ணன் வாயை இறுக்கி மூடிக்கொள்வார்களாம். "வெக்கப்படுறாக செல்வி" என்று மத்தியானச் சாப்பாட்டின்போது அக்கா சொன்னார்கள். "பிளாட்பாரம் பூராக் கேக்குற மாதிரி பேசுன மனுசன். பச்சப்புள்ள மாதிரி ஆனா ஆவன்னா சொல்லச் சொன்னா எப்படிச் சொல்லுவாக?" சாப்பாட்டுத் தூக்கை மூடி ஓரமாக வைத்துவிட்டு, "அந்தக் கேபினை நான் கட்டப்போறேன்" என்றார்கள்.

எனக்குப் புரியவில்லை. எதற்கு என்று கேட்டேன்.

"அவுக நெனச்சது பாதியில கெடக்குல்ல. எனக்குக் கத்தி புடிக்கத் தெரியும். பெறகு என்ன?"

முதலில் தனக்குப் பழகிய அட்டையிலேயே கட்டினார்கள். அதை நான் பார்த்தேன். பெரிய கடையில் விலைக்கு வைக்கலாம், அவ்வளவு அழகு. ஞாயிற்றுக்கிழமை அண்ணனை மாடிக்குக் கூட்டிப்போய் உட்காரவைத்தோம். அண்ணன் கேபினைக் கொஞ்ச நேரம் பார்த்தார்கள். இடது கை நகத்தால் அதன் சுவரைத் தட்டினார்கள். 'தொப் தொப்' என்று அட்டைச் சத்தம் வந்தது. பிறகு கையை நீட்டி அறையின் மர ஜன்னல் சட்டத்தைத் தட்டினார்கள். 'டக் டக்' என்றது. அப்புறம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

எனக்கு மனசு கசந்துவிட்டது. அக்காவோ சந்தோஷமாகக் கீழே இறங்கினார்கள். "பாத்தியா, மரத்துல கேக்குறாக! இம்புட்டு மாசத்துல இப்பத்தான் அவுக ஒண்ணைக் கேட்டிருக்காக."

சாத்தூர்ப் பக்கம் தீப்பெட்டிக் கம்பெனி வைத்திருந்த ஒரு கஸ்டமரிடம் சொல்லி, மருந்து முக்காத வெறுங்குச்சி ஒரு பை நிறைய வாங்கினார்கள். நிஜக் கேபினில் ஒரு சாண் அகலப் பலகைகள். அந்த ரயிலுக்கு எல்லாமே எண்பத்தேழில் ஒரு பங்கு என்பதால், சுருக்கிப் பார்த்தால் ஒரு பலகை ஏறக்குறைய ஒரு தீக்குச்சி அகலத்துக்குத்தான் வரும். அக்கா குச்சிகளைக் கொட்டி, கோணல், முடிச்சு உள்ளதை எல்லாம் ஒதுக்கினார்கள். தேறியவற்றை உப்புத்தாளில் தேய்த்து, டீ டிகாஷனில் பேனாவின் கறுப்பு மசியைச் சொட்டவிட்டு அதில் நனைத்துக் காயவைத்தார்கள். பழைய தேக்கு நிறம் வந்துவிட்டது. பின்பக்கம் மெல்லிய மரச்சீவலை வைத்து அதன்மேல் குச்சிகளை ஒவ்வொன்றாக ஒட்டினார்கள். ஜன்னல் கண்ணாடிக்கு எங்கள் பிரஸ் பிலிம். லீவர்களுக்குக் குண்டூசி.

ஐப்பசி மழையில் முதலில் செய்த சுவர்கள் அப்பளம் மாதிரி நெளிந்துவிட்டன. பைண்டிங் பசையில் தண்ணீர் அதிகம். சீவல் ஊறி வளைந்திருந்தது. அக்கா அத்தனையையும் பிரித்தார்கள். மரவேலைக்கு உரிய பசை வாங்கி, புதுக்குச்சி நனைத்து, ஒவ்வொரு சுவரையும் காலண்டர் கட்டுகளுக்கு அடியில் வைத்து அமுக்கிக் காயவிட்டார்கள். பெருநாளைக்கு வந்த நாத்தனார் முறை உறவுக்காரப் பெண் ஒருவர், "புருசன் படுத்துக் கெடக்காக, இவ பொம்மை வீடு கட்டிட்டிருக்கா" என்று கூடத்தில் எல்லோர் காதிலும் விழும்படி சொன்னாராம். அக்கா உள்ளிருந்தே, "ஆமா மச்சி, இன்னும் கூரை போடல. போட்டதும் கூப்புடுறேன், பால் காய்ச்சுவோம், வாங்க" என்று பதில் சொன்னார்களாம்.

சுவர்கள் எழுந்து நின்றபின் வெளிப்படிக்கட்டை ஒட்டினார்கள். அக்கா அந்தக் கேபினைப் பிளாட்பாரத்திலிருந்துதான் பார்த்திருந்தார்கள். அந்த ஞாபகத்தில் படியை மாற்றி இடது பக்கம் வைத்துவிட்டார்கள். அன்று நானும் இருந்தேன். அண்ணன் பார்த்தார்கள். முகம் சிவந்தது. இடது கையை நாற்காலியில் அடித்தார்கள். தொண்டையில் என்னவோ உருண்டது. "...ல்ல" என்றார்கள். மூச்சை இழுத்து மறுபடியும், "இல்ல!"

அக்கா கத்தியைக் கீழே வைத்தார்கள். "என்ன இல்ல? படியா? இந்தப் பக்கம் இல்லையா?" ஒட்டிய படியை விரலால் தொட்டுக் காட்டினார்கள்.

"இல்ல" என்றார்கள் அண்ணன்.

அதற்குப் பிறகுதான் விசித்திரம் ஆரம்பித்தது. அக்காவுக்கு வரிசையாகத் தப்பு வந்தது. ஜன்னல் ஒன்று கூடிப்போனது. கதவு வெளியே திறந்தது. லீவர்கள் தலைகீழாக நின்றன. பெட்டியில் நூலளவு பிசகினால் கிழித்துப் போடுகிற பெண், ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் ஒரு தப்போடு கேபினை அண்ணன் முன்னால் வைத்தார்கள். அண்ணன் கோபப்பட்டார்கள். "இல்ல" என்பது "அது இல்ல" ஆனது. "உள்ள" வந்தது. "மேல" வந்தது. ஒரு நாள் "அறிவு இருக்கா" என்று முழுசாகவே வந்தது. கீழே இருந்த யூசுப் படியேறி ஓடிவந்தார்.

அக்காவுக்குக் கண் பார்வை மங்குகிறதோ என்று எனக்குப் பயம். டாக்டரிடம் காட்டச் சொல்லி மத்தியானம் மெதுவாகப் பேச்சை எடுத்தேன். அக்கா சாப்பிட்ட கையோடு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள்.

"படிக்கட்டு மட்டும்தான் நெசமான தப்பு, செல்வி. மத்ததெல்லாம் வேணும்னே வைக்குறது."

"கஷ்டமா இல்லையாக்கா?"

சிரிப்பு நின்றது. "இருக்கு. தப்புன்னு தெரிஞ்சே ஒட்டும்போது கை கூசுது. ஒட்டுனதைப் பிரிக்கும்போது குச்சி ஒடையுது, திரும்ப நனைக்கணும், காய வைக்கணும். இருக்கட்டும். 'அ சொல்லு'ன்னா அவுகளுக்கு வெக்கம். 'இது தப்பு'ன்னு சொல்ல வெக்கம் இல்ல பாரு. அவுக வேலை செஞ்ச எடம்ல. அங்கன அவுகதான் அதிகாரி."

ஆனால் அண்ணனும் லேசுப்பட்டவர் இல்லை. கூரைத் தகட்டைக் குறுக்காக வைத்து அக்கா காட்டிய அன்று, அண்ணன் தகட்டைப் பார்க்காமல் அக்காவையே பார்த்தார்கள். "பொய்" என்றார்கள். "பொய்யி... பண்ணுத." அக்கா முதலில் மறுத்தார்கள். அப்புறம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். இருவரும் சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எனக்கும்தான்.

இனி வேஷம் தேவைப்படாததால் அக்கா எல்லாவற்றையும் சரியாக வைத்து முடித்தார்கள். கூரை ஏறியது, கைப்பிடிக் கம்பி ஏறியது, பென்சில் சதுரத்தில் கேபின் உட்கார்ந்தது. அன்று நாங்கள் அண்ணனின் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றோம். தப்பு எதுவும் இல்லை. அண்ணன் குனிந்து ஜன்னல் வழியாக உள்ளே பார்த்தார்கள். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "பானை" என்றார்கள்.

"என்னது?"

"பானை... எங்க? தண்ணிப் பானை."

கேபின் மூலையில் எப்போதும் ஒரு மண்பானை இருக்குமாம். எங்கள் யாருக்கும் தெரியாது. அதுவரை அண்ணன் இருப்பதைத் தப்பு என்று சொன்னார்கள். அன்றுதான் முதல் தடவையாக இல்லாத ஒன்றைச் சொன்னார்கள். அக்கா உடனே எழுந்து கொல்லையில் களிமண் எடுத்து, மிளகு அளவில் ஒரு பானை உருட்டி, ஊசியால் வாய் திறந்து, இடுக்கியால் கதவு வழியாக உள்ளே இறக்கினார்கள். அதன் பிறகுதான் அண்ணன் இடது கையால் ரயிலை ஓட விட்டார்கள். அது கேபினைத் தாண்டிக் கரட்டைச் சுற்றி வந்தது.

அதன்பின் அண்ணன் பேச்சு நாளுக்கு நாள் தெளிந்தது. மெதுவாகத்தான் வரும், நடுவில் நிற்கும். டீக்கடைக்குத் தானே போய், "சீனி... கம்மி" என்று சொல்லுமளவு வந்தார்கள். புது ஆட்கள் யாராவது வந்தால் மட்டும் வாய் அடைத்துக்கொள்ளும். கூட்டம் என்றால் ஒதுங்கிவிடுவார்கள்.

அக்காவுக்கு இந்த வருடம் பஸ் படி ஏறினாலே மூச்சு வாங்கியது. இதயத்தில் கோளாறு, ஆபரேஷன் வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். "சீசன் முடியட்டும்" என்றார்கள். எவ்வளவோ சொல்லிப் பார்த்தோம். ஒரு வேலையைக் கையில் எடுத்துவிட்டால் அவர்களை யார் அசைக்க முடியும்?

மேனேஜர் வேன் ஏற்பாடு செய்தார். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது தெரு நிறைந்திருந்தது. பெண்கள் எல்லோரும் முகம் பார்த்து முடித்ததும் நாங்கள் எதிர்வீட்டு வாசலில் ஒதுங்கி நின்றோம். உடலைச் சுமந்து போகும் சந்தாக்கைத் தூக்கும் முன்னால், இறந்தவருக்காக வீட்டு ஆண் ஒருவர் ஊராரிடம் மன்னிப்புக் கேட்பது அவர்கள் வழக்கம். யூசுப் தொண்டையைச் செருமிக்கொண்டு முன்னால் வந்தார். நாற்காலியில் இருந்த அண்ணன் இடது கையை நீட்டி அவரைத் தடுத்தார்கள். "நான்" என்றார்கள். எழுந்து நின்றார்கள்.

"என் வீட்டுக்காரி..." நின்றுவிட்டது. தெருவில் அத்தனை ஆண்கள். வெயில். யாரும் எடுத்துக்கொடுக்கவில்லை. "நூர்ஜகான்... யாரு மனசையாவது... நோகப் பண்ணியிருந்தா..." உதடு கோணியது, வார்த்தை வரவில்லை. பிடித்து இழுத்தார்கள். "அல்லாவுக்காக... மன்னிச்சிருங்க. அவ... பேருல... என்ன கடன் இருந்தாலும்... எங்கிட்ட... வாங்க."

கூட்டம் மொத்தமும் "மன்னிச்சிட்டோம்" என்றது. அண்ணன் நின்றபடியே தலையசைத்தார்கள். அதற்குப் பிறகு தோள்கள் சேர்ந்தன, சந்தாக் எழுந்தது, ஊர்வலம் தெருமுனை திரும்பிப் போனது.

அக்கா, அவுக முழுசாச் சொல்லி முடிச்சாக. ஒரு வார்த்தையும் விடல. நாங்க எல்லாரும் கேட்டோம். நீங்க நிம்மதியாப் போயிட்டு வாங்க.