கொண்டைக்காரி இன்னும் வெளியே போகவில்லை

எங்கள் பிளாட்டின் கேட் அத்தை, பால் பாக்கெட்டைக்கூட வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே விடுவார். பத்தொன்பது வருடம் ஒரு துணி ஆலையின் வாசலில் நின்று, வேலை முடிந்து போகும் பெண்களைச் சோதித்தவர். சாப்பாட்டு டப்பாவின் அடித்தட்டில் பட்டன், செருப்புக்குள் ஊசி, கொண்டைக்குள் நூல்கண்டு என்று எல்லாம் பிடித்திருக்கிறார். ஆலை மூடியதும் எங்கள் கேட்டுக்கு வந்தார். சந்தேகமும் மூட்டை கட்டிக்கொண்டு கூடவே வந்தது. இன்றைக்கும் கொண்டை போட்டவர்களைப் பார்த்தால் அவர் கை துறுதுறுக்கும்.

சேர்ந்த அன்றைக்கே செக்ரட்டரி சொல்லிவிட்டார்: "காம்பவுண்ட் சுவருக்குள்ள வர்றது எதுவா இருந்தாலும் நோட்டுல ஏறணும்." அவர் மனிதர்களைச் சொன்னார். அத்தை அப்படி எடுத்துக்கொள்ளவில்லை என்பது கோடை வரும்வரை ஒருவருக்கும் தெரியாது.

எனக்கே தற்செயலாகத்தான் சந்தேகம் வந்தது. தலைகீழாகப் படிப்பதில் நான் கெட்டிக்காரி. பள்ளிக்கூடத்தில் உருப்படியாகக் கற்றது அது ஒன்றுதான், அதுவும் பரீட்சை ஹாலில். அத்தை எழுதிக்கொண்டிருந்த வரியை மேசைக்கு இந்தப் பக்கமிருந்து படித்தேன். "இரட்டைவால். மொட்டைமாடி. மாலை." மீதியை அவர் முழங்கை மறைத்துவிட்டது.

எங்கள் பிளாட்டில் இரட்டைவால் ஒன்றுதான். பெற்ற தாயே என்னை அப்படித்தான் கூப்பிடுகிறாள். தினமும் மாலையில் மொட்டைமாடிக்குப் போவதும் உண்மை. எதற்கு என்பது என் சொந்த விஷயம். வெளியே தெரிந்தால் இத்தனை வருடம் கஷ்டப்பட்டுச் சம்பாதித்த கெட்ட பெயர் போய்விடும்.

"அத்தை, என்னைப் பத்தி என்ன எழுதறீங்க?"

"உன்னைப் பத்தி எழுத ஒரு நோட்டு பத்துமா? போ. நில்லு, பையில என்ன?"

"புத்தகம்."

"நீயா? அப்ப கண்டிப்பா திறந்து காட்டு."

காட்டாமல் ஓடிவிட்டேன். அவர் நோட்டைப் பட்டென்று மூடினார். ஒளிக்க எதுவும் இல்லாதவர் ஏன் மூட வேண்டும்?

மறுநாள் லிப்ட் ரிப்பேர்காரரின் கருவிப்பெட்டியை அத்தை குடைந்துகொண்டிருந்தபோது நோட்டைத் திறந்தேன். என் வரியைத் தேடப் போய், அதைவிடக் காரமான வரி கிடைத்தது. "கொண்டைக்காரி. செக்ரட்டரி வீடு, பின் பால்கனி. உள்ளே: காலை 6.10. காரணம்: குடும்பம் நடத்த." வெளியே போன நேரம் காலி. அடுத்த ஒன்பது நாளும் அதே பெயர், அதே குறிப்பு: "இன்னும் போகவில்லை."

செக்ரட்டரியின் மனைவிக்கோ முடி கழுத்தோடு சரி.

உளவு பார்ப்பவருக்கு ஒரு பாடம் என்று நினைத்து, அந்தப் பக்கத்தை விரித்து, பேனாவை அந்த வரிக்கு நேராக வைத்துவிட்டு நகர்ந்தேன். காய் வாங்க இறங்கிய செக்ரட்டரியின் மனைவி இரண்டு முறை படித்தார். நோட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு, லிப்ட்டுக்குக்கூட நிற்காமல் படியேறினார். இது நான் நினைத்த பாடம் இல்லை.

கால் மணியில் இருவரும் இறங்கி வந்தார்கள்.

"என் வீட்டுல நுழைஞ்சவ யாரு?" என்றார் செக்ரட்டரி.

"நுழையல சார், பறந்து வந்தா," என்றார் அத்தை. "கூடவே புருஷனும் வந்தான். அவன் போக வர இருக்கான், அவனுக்குத் தனி வரி."

"கிண்டலா? போதும். சாவியைக் குடுத்துட்டு இன்னிக்கே கிளம்புங்க."

அத்தை இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை எடுத்தார். வளையத்திலிருந்து சாவிகளை ஒவ்வொன்றாகக் கழற்றிக் கொடுத்தார். பம்ப் ரூம் சாவியில் கை நின்றது. அதன் பின்னால்தான் அவர் குடியிருக்கும் அறை. வேலை போனால் அதுவும் போகும்.

செக்ரட்டரி கையில் நோட்டு விரிந்தே இருந்தது. தலைகீழாகத்தான் தெரிந்தது, அது எனக்குப் போதும். "குளவி. மீட்டர் பெட்டி. காரணம்: வீடு கட்ட. அனுமதி வாங்கவில்லை." அதற்குக் கீழே, "ஓணான். சுவர் ஏறி வந்தது. பெயர் கேட்டால் தலையாட்டுகிறது."

"சார், பால்கனிய ஒரு தடவை பாருங்க," என்றேன்.

"நீ சொல்லி நான் நம்பணுமா?"

நியாயம்தான். போன மாதம் லிப்ட் பட்டன்களில் பபிள்கம் ஒட்டியவள் நான். ஆனால் அவர் மனைவி, "நான் பார்க்கறேன்," என்றார். அவருக்கு அன்றைக்கு யார்மேலும் நம்பிக்கை இல்லை.

எல்லோரும் போனோம். ஏசி பெட்டிக்குப் பின்னால், காய்ந்துபோன செடித்தொட்டியில் ஒரு கூடு. அதில் தலையில் கறுப்புக் கொண்டையும் வாலடியில் சிவப்புமாக ஒரு கொண்டைக்குருவி. எங்களைப் பார்த்து நகரவில்லை. முட்டையை விட்டு எங்கே நகரும்?

செக்ரட்டரியின் மனைவி குனிந்து பார்த்தார். "கொண்டைதான்," என்றார். பிறகு கணவர் பக்கம் திரும்பினார். "பத்து நாளா இங்க இருக்கா. செடிக்குத் தினமும் தண்ணி ஊத்தறதா சொன்னீங்களே?"

செக்ரட்டரி அவசரமாகக் கீழே வந்து சாவிகளையும் நோட்டையும் மேசையில் வைத்தார். "இனிமே மனுஷங்கள மட்டும் எழுதுங்க."

"எழுதறேன் சார். யார் யார் மனுஷங்கன்னு ஒரு லிஸ்ட் குடுங்க, கையெழுத்தோட."

அவர் போய்விட்டார். அத்தை சாவிகளை வளையத்தில் கோத்தபடியே கேட்டார்: "பேனாவை அங்க யார் வெச்சது?"

"காத்துல உருண்டிருக்கும்."

"இந்த வெயில்ல, காத்து?"

அவர் நோட்டைப் புரட்டி என் பக்கம் திருப்பினார். "இரட்டைவால். மொட்டைமாடி. மாலை 5.40. காரணம்: குளிக்க." கம்பியில் உட்காருமே, அந்த இரட்டைவால் குருவி. அப்பாடா என்றிருந்தது. பிறகு அதற்கு மேல் வரியைப் பார்த்தேன்.

"இரட்டைவால். மொட்டைமாடி. மாலை 5.30. காரணம்: தண்ணீர் வைக்க."

எந்தக் குருவியும் தண்ணீர் வைக்காது. முந்தைய பக்கங்களிலும் தினமும் அதே வரி இருந்தது. கொசு வருகிறது, மாடியில் தண்ணீர்க் கிண்ணம் வைப்பது யாரென்று செக்ரட்டரி மூன்று முறை விசாரித்திருந்தார். அத்தை வாயே திறக்கவில்லை.

"யார்கிட்டயும் சொல்லிடாதீங்க அத்தை."

"பையக் காட்டு."

நீட்டினேன். தண்ணீர் பாட்டிலை அவர் வெளிச்சத்தில் தூக்கிக்கூடப் பார்க்கவில்லை. ஜிப்பை இழுத்து மூடினார்.

"ஒண்ணுமில்ல. போ, அஞ்சரை ஆகுது."